அடுப்புக் கணக்கில் விடுபட்டவள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருகிறவரிடம் குடும்பத்துக்கு ஓர் எளிய இலக்கணம் இருக்கிறது. வழக்கமாகச் சேர்ந்து இருந்து, ஒரே அடுப்பில் ஆக்கியதை உண்பவர்கள் ஒரு குடும்பம். குடும்பம் எது என்று முடிவுசெய்ய ரத்த உறவையோ பட்டாவையோ அவர் பார்ப்பதில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் உலை இரண்டென்றால் குடும்பமும் இரண்டு. உறவில்லாத பலர் ஓரிடத்தில் தங்கிப் பொதுச் சமையலில் உண்டால் அதற்கு 'நிறுவனக் குடும்பம்' என்று பெயர். விடுதிகள், மெஸ்கள், இல்லங்கள் எல்லாம் இந்த வகையில் அடங்கும்.

திண்டுக்கல்லுக்கு வடக்கே, கரூர் சாலையில் வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலை ஒன்றின் விடுதியில் இருக்கும் பதினேழு வயதுப் பெண்ணை இந்த இலக்கணப்படி எங்கே சேர்ப்பது? அவள் உண்பது ஆலை மெஸ்ஸில். ஆகவே தாயின் குடும்பத்தில் அவள் இல்லை. தம்பியின் பள்ளிச் செலவும், தாயின் மகளிர் குழுத் தவணையும், நாளைக்கு அவள் கழுத்தில் ஏறப்போகும் சங்கிலியும் அவள் சம்பளத்தில்தான் நடக்கின்றன. ஆனால் கணக்கில் அவள் ஒரு நிறுவனத்தின் உறுப்பு. தேசியக் குடும்பநல ஆய்வுக்காரர்களும் வீடுகளுக்குத்தான் போகிறார்கள், விடுதிகளுக்கு அல்ல. ஊரில் கேட்டால் "எம்புள்ள மில்லுல இருக்கு, தீவாளிக்குத்தான் வரும்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். ஒரு தாய்க்குத் தெரிந்த இந்த உறவைப் புள்ளிவிவரத்தால் பிடிக்க முடியவில்லை.

குழந்தை, இளையோர், குடும்பம் என்ற மூன்றையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் முதுநிலைப் படிப்பு வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தப் பெண்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பாடப் பட்டியலில் அப்படியொன்று இருக்கிறது என்பதற்காக நாமும் தொடங்க வேண்டியதில்லை. அவளைப் புரிந்துகொள்ள, இருக்கிற துறை எதுவும் தனியாகப் போதாது என்பதால் தொடங்க வேண்டும்.

இருக்கிற துறைகளைப் பார்ப்போம். நம் நாட்டில் குழந்தை மனையியலிடம் போய்ச் சேர்ந்தது. 1932-இல் டெல்லியில் தொடங்கிய லேடி இர்வின் கல்லூரி, பிறகு பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் மனையியல் புலம், நம் பக்கத்தில் ராஜம்மாள் தேவதாஸ் வளர்த்த கோவை அவினாசிலிங்கம் ஆகியவற்றில்தான் குழந்தை வளர்ச்சி என்ற பாடம் வேர்பிடித்தது. சமையலும் தையலும் சொல்லித் தருகிற படிப்பு என்று ஊரார் இளக்காரமாகப் பேசிய இடத்தில்தான் இந்தியக் குழந்தையைப் பற்றிய தரமான ஆய்வுகள் நடந்தன. இந்த வேடிக்கையை நாம் போதிய அளவு ரசிக்கவில்லை. குடும்பம் சமூகப்பணித் துறைக்கும் மக்கள்தொகையியலுக்கும் போனது. 1936-இல் பம்பாயில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும், 1952-இல் சென்னை சமூகப்பணிக் கல்லூரியும் இதற்கு வழி வகுத்தன. இளையோர் மிகப் பின்னால் வந்தார்கள். திருப்பெரும்புதூரில் 1993-இல் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் அமைந்து, 2012-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. பால்வாடிக் குழந்தை ஒரு துறையிலும், அதன் அக்கா இன்னொன்றிலும், அவர்களின் அம்மா மூன்றாவதிலுமாகப் பிரிந்து போனார்கள்.

அமெரிக்காவிலும் இதே பாதைதான் இருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மனையியல் கல்லூரி 1925-இல் உருவாகி, 1969-இல் மனித சூழலியல் கல்லூரி என்று பெயர் மாறியது. அங்கே பணியாற்றிய யூரி பிரான்ஃபென்பிரன்னர் 1979-இல் வெளியிட்ட நூல் இந்தத் துறைக்கே அடித்தளமாகிவிட்டது. அவர் சொன்னதில் நமக்கு மிகவும் வேண்டியது ஒன்று: குழந்தை ஒருபோதும் காலடி வைக்காத இடங்களும் அதன் வளர்ச்சியைத் தீர்மானிக்கின்றன. தாய் வேலை செய்யும் ஆலையின் ஷிப்ட் அட்டவணை அப்படிப்பட்ட ஓர் இடம். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும் வீட்டில், ஒரு வாரம் குழந்தைக்குத் தலைவாரி விடுவது அம்மா, மறு வாரம் அம்மாச்சி. அந்தக் குழந்தை ஆலையைப் பார்த்திருக்கவே மாட்டாது. ஆனாலும் அதன் தூக்க நேரத்தை நிர்ணயிப்பது ஆலைதான்.

கோட்பாடு வெளியிலிருந்து வரலாம், அதில் குற்றமில்லை. ஆனால் அது யாரைப் பார்த்து எழுதப்பட்டது என்று கேட்காமல் வாங்கக் கூடாது. ஜெஃப்ரி ஆர்னெட் 2008-இல் அமெரிக்காவின் முதன்மையான உளவியல் ஆய்விதழ்களைப் புரட்டிப் பார்த்து, அவற்றில் ஆராயப்பட்ட மனிதர்களில் 96 விழுக்காட்டினர் மேலைத் தொழில்மய நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று காட்டினார். பரோடாவைச் சேர்ந்த டி.எஸ். சரஸ்வதி அதற்கும் முன்பே, 1999-இல், இன்னும் கூர்மையான கேள்வியை எழுப்பினார்: இந்தியாவில் வளரிளம் பருவம் என்ற ஒன்று எல்லாருக்கும் இருக்கிறதா, அல்லது அது கட்டுக்கதையா? ஏழைவீட்டுப் பெண், பிள்ளைப் பருவத்திலிருந்து நேராகப் பெரியவள் ஆகிவிடுகிறாள். தம்பியைத் தூக்கிச் சுமந்த இடுப்பு, சில ஆண்டுகளில் தன் பிள்ளையைச் சுமக்கிறது. நடுவில் 'பருவம்' என்று ஒதுக்க இடமில்லை.

சரஸ்வதியின் வாதத்தைத் திண்டுக்கல் சமவெளியில் வைத்துப் பார்த்தால் அது பாதிதான் பொருந்துகிறது. பள்ளிக்கும் கல்யாணத்துக்கும் நடுவே ஒரு பருவம் இங்கே உருவாகியிருக்கிறது. அதைக் கல்லூரி மட்டும் உருவாக்கவில்லை, நூற்பாலைக்கும் அதில் பங்குண்டு. எட்டோ பத்தோ பன்னிரண்டோ முடித்த பெண் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் விடுதிக்குப் போனாள். முடிவில் ரூ.30,000 முதல் 50,000 வரை மொத்தமாகத் தருவதாகச் சொல்லப்பட்டது. அதற்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வைத்தவர் யாராயினும் நம் குடும்பங்களை நன்றாக அறிந்தவர். கூலி என்று சொல்லியிருந்தால் வயதுக்கு வந்த பெண்ணை வெளியூர் அனுப்பத் தகப்பன் தயங்கியிருப்பார். கல்யாணச் செலவுக்கு என்றதும் தயக்கம் போய்விட்டது. இடையில் உடம்பு முடியாமல் திரும்பியவர்களுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போனதும், விடுதியை விட்டு வெளியே போகவும் வீட்டாரோடு பேசவும் கட்டுப்பாடுகள் இருந்ததும் அறிக்கை அறிக்கையாக வெளிவந்தன. 2011-இலும் 2014-இலும் நெதர்லாந்து அமைப்புகள் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பிறகு உலகத் துணிக்கடைகள் விழித்துக்கொண்டன. இன்று அந்தப் பெயரைச் சொல்லி ஆள் எடுப்பவர்கள் குறைவு. காலையில் ஊர் ஊராக வந்து ஏற்றிப்போகும் மில் வண்டி பெருகியிருக்கிறது. விடுதிகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார்ப் பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள்.

சுமங்கலி பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் தொழிலாளர் உரிமை நோக்கில் எழுதப்பட்டவை. அது அவசியமான நோக்கு. 2021 சனவரியில் இம்மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றின் இளம் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிறுவனத்தோடும் எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் உடன்பாடு கண்டது. பாலியல் தொல்லைக்கு எதிரான 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று உலகம் அதைப் படிக்கிறது. பூட்டுக்கும் பிரியாணிக்கும் அறியப்பட்ட ஊரின் பெயர் சர்வதேசத் தொழிலாளர் சட்ட வகுப்புகளில் அடிபடுவது சின்ன விஷயமல்ல.

ஆனால் அந்த நோக்கில் விடுபடுவது குடும்பம். விடுதியிலிருந்து மூன்று ஆண்டு கழித்து வந்த பெண்ணுக்கு வீட்டில் என்ன இடம்? சம்பாதித்தவள் என்ற மதிப்பு கூடியதா, வெளியூரில் இருந்தவள் என்ற சந்தேகம் கூடியதா? முறைமாமன் வீட்டில் பெண் கேட்கும்போது மில்லில் இருந்தது கூட்டலா, கழித்தலா? அவள் பணம் உண்மையில் கல்யாணத்துக்குப் போனதா, அப்பாவின் போர்வெல் கடனுக்குப் போனதா? இவற்றுக்குச் சங்கத்தின் மனுவில் விடை இருக்காது, ஆலையின் பதிவேட்டிலும் இருக்காது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஓராண்டு பேசிக் கேட்கிறவருக்குத்தான் கிடைக்கும்.

அப்படி வீடு வீடாகப் போய்க் கேட்ட மரபு நம் மாவட்டத்திலேயே உண்டு. அதைப் பார்க்க இனி தெற்கே போகலாம். திண்டுக்கல்லிலிருந்து மதுரைச் சாலையில், சின்னாளப்பட்டிக்கும் அம்பாத்துறைக்கும் பக்கத்தில் இருக்கிறது காந்திகிராமம். 1947-இல் டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியது. சௌந்தரம் 1904-இல் பிறந்தவர், டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். சிறுவயதிலேயே மணமாகி, இளவயதிலேயே கணவரை இழந்தவர். பிறகு டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்தார். 1940-இல் காந்தியின் ஆசியோடு ராமச்சந்திரனை மணந்தார். குழந்தை மணம், கைம்மை, உயர்கல்வி, மறுமணம் என்று குடும்பவியல் பாடத்தின் அத்தனை அத்தியாயங்களையும் தன் வாழ்க்கையில் கடந்து வந்த ஒருவர் நிறுவிய இடம் அது. கஸ்தூர்பா மருத்துவமனை, ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம், பள்ளி, சேவிகாக்களுக்கான பயிற்சி என்று அவர் கட்டியதைப் பார்த்தால், குழந்தையையும் தாயையும் வெவ்வேறு துறைகளாக அவர் நினைக்கவே இல்லை என்பது விளங்கும். 1956-இல் கிராமியக் கல்வி நிறுவனமாகி, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது கல்விப் பிரிவு. சௌந்தரம் 1962-இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போய்க் கல்வித் துறைத் துணை அமைச்சராகவும் இருந்தார்.

நம் கட்டுரைக்கு முக்கியமானது அதன் பக்கத்திலேயே நடந்த இன்னொரு வேலை. 1959-இல் ஆத்தூர் ஒன்றியத்தில் ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. (சேலத்து ஆத்தூர் அல்ல, நம் காமராசர் அணை ஆத்தூர்.) 1964-இல் அது கிராமிய சுகாதார, குடும்பநல நிறுவனமாக வளர்ந்தது, இன்றும் அம்பாத்துறையில், அவர் பெயர் தாங்கிய சௌந்தரம் நகரில் இயங்குகிறது. கிராமக் கிராமமாக, வீடு வீடாகப் போய்ப் பேசி, தலைவர்களை வைத்துப் பேசவைத்து, பிறப்பு விகிதத்தைக் குறைக்க முடியுமா என்று சோதித்தார்கள். ஆயிரத்துக்கு 43 என்றிருந்த பிறப்பு விகிதம் 1968-இல் 28-க்கு இறங்கியது. அவசரநிலைக் காலத்துக் கட்டாயங்களுக்கு முன்பு நடந்த இறக்கம் இது. உலக மக்கள்தொகை இலக்கியத்தில் 'ஆத்தூர் அனுபவம்' என்று இன்றும் பேசப்படுகிறது.

இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு ஒரு குறை படுகிறது. நாடெங்கும் குடும்பநலத் திட்டத்தின் அடிப்படை ஆவணம் தகுதித் தம்பதியர் பதிவேடு. அதன் ஒரு வரியில் இருப்பவை: கணவன் பெயர், மனைவி பெயர், மனைவியின் வயது, உயிரோடிருக்கும் ஆண் பிள்ளை எத்தனை, பெண் பிள்ளை எத்தனை, கடைசிக் குழந்தையின் வயது, கையாளும் முறை. கிராம சுகாதார செவிலியர் இதை எத்தனை அக்கறையோடு எழுதி வந்திருக்கிறார் என்பது அந்த நோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நிறம் மங்கிய மையில் மூன்று தலைமுறைக் கையெழுத்துகூட இருக்கும். ஆனால் அந்த வரியில் பிள்ளை ஓர் எண்ணிக்கை மட்டுமே. மூத்த மகள் பள்ளியை எப்போது விட்டாள், எங்கே வேலைக்குப் போனாள், யாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள் என்பதற்குக் கட்டமே கிடையாது. அவள் மறுபடி பதிவேட்டில் ஏறுவது, அவளே ஒரு 'தகுதித் தம்பதி'யான பிறகுதான். நடுவில் இருக்கும் பத்தாண்டு வெற்றிடம்தான் இளமை.

குடும்பம் சுருங்கியது, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்கிறது 2019–21 குடும்பநல ஆய்வு. சுருங்கிய குடும்பத்தில் ஒரு மகளின் சுமை கூடியதா, குறைந்ததா? ஆறு பிள்ளைகள் இருந்த வீட்டில் கடன் பல தோள்களில் பிரிந்தது. இருவரே உள்ள வீட்டில் தம்பியைப் படிக்க வைக்க அக்காவின் சம்பளம் ஒன்றுதான் வழி. சிறு குடும்பம் சில பெண்களைக் கல்லூரிக்கும், வேறு சிலரை ஆலை விடுதிக்கும் அனுப்பியிருக்கிறது என்பது என் ஊகம். இதைச் சோதிக்க ஆத்தூர் ஒன்றியத்தை விட நல்ல இடம் கிடையாது. அறுபதுகளில் எந்த வீடுகளில் பிறப்பு குறைந்ததோ அந்த வீடுகளின் பேத்திகளைத் தேடிப் போக வேண்டும். அம்பாத்துறை நிறுவனத்தில் மக்கள்தொகை ஆய்வு மையமும் இருக்கிறது. ஒரு முதுநிலை மாணவர் அணிக்கு இதைவிட நேரான கேள்வி வேறு வேண்டுமா?

அடுத்தது வயது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தியைச் சட்டங்கள் எப்படிப் பார்க்கின்றன என்று வரிசையாக வைத்தால் தலை சுற்றும். கட்டாயக் கல்விச் சட்டத்துக்கு அவள் வெளியே போய்விட்டவள். அது 14-இல் முடிகிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 15 முதல் 18 வரை 'வளரிளம்பருவத்தார்' என்று பிரித்து, மருத்துவரின் தகுதிச் சான்றோடு வேலைக்கு இடம் கொடுத்து, பெண்ணானால் காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரைதான் என்று எல்லை போட்டது. போக்சோ சட்டத்துக்கும் இளைஞர் நீதிச் சட்டத்துக்கும் அவள் குழந்தை. 2014-ஆம் ஆண்டுத் தேசிய இளைஞர் கொள்கைக்கு அவள் இளைஞர். அது 15-இல் தொடங்கி 29 வரை போகிறது. சடங்கு சுற்றிய அன்றே அவள் பெரியவள் என்பது ஊரின் சட்டம். தாய்மாமன் சீர் கொண்டுவந்து, மொய் எழுதி, பிளக்ஸ் வைத்து ஊர் அறிவித்துவிட்ட பிறகு, குழந்தைகள் நலக் குழுவிடமிருந்து "இவள் குழந்தை" என்று கடிதம் வந்தால் வீட்டார் விழிப்பதில் வியப்பில்லை.

இந்த முரண் மிகக் கொடுமையாக வெடிப்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில். காதலித்து வீட்டை விட்டுப் போன பெண், அல்லது வீட்டார் அவசரமாக உறவில் கட்டிவைத்த பெண், கருவுற்று வருகிறாள். வயது 17. கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்ணான பிக்மி எண் போட வேண்டும். அதில்லாமல் கர்ப்பகால உதவித்தொகையும் இல்லை, பிறப்புச் சான்றும் சிக்கல். எண் போடும்போது வயதைக் கேட்பார்கள். போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். செவிலியர் சொன்னால் குழந்தையின் அப்பன் சிறைக்குப் போவான். சொல்லாவிட்டால் தன் வேலைக்கு ஆபத்து. விளைவு, முதல் மூன்று மாதத்துக்குள் வர வேண்டிய அந்தப் பெண் எட்டாம் மாதம் வருகிறாள், அல்லது வயதைக் கூட்டிச் சொல்கிறாள். ரத்தசோகையோடு இருக்கும் சிறு பெண்ணுக்கு இடையில் போன அந்த மாதங்கள் எவ்வளவு பெரிது என்பதை மருத்துவர்கள் அறிவார்கள்.

நீதிமன்றங்கள் இதைக் கவனித்திருக்கின்றன. இரு இளையோருக்கிடையிலான காதல் வழக்கு ஒன்றில் 2021 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் போக்சோ வழக்கையே ரத்து செய்து, இத்தகைய உறவுகளைத் தண்டிப்பது சட்டத்தின் நோக்கமல்ல என்றது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரை மருத்துவர் வெளிப்படுத்த வேண்டியதில்லை என்றது. ஆனால் தீர்ப்பு துணைச் சுகாதார நிலையம் வரை நடந்து வருவதில்லை. அங்கே இருப்பது ஒரு செவிலியர், ஒரு நோட்டு, ஒரு கைபேசி. 18 வயதுக்கு முன் மணமானவர்கள் தமிழ்நாட்டில் 12.8 விழுக்காடு (20 முதல் 24 வயதுப் பெண்களில்) என்று அதே 2019–21 ஆய்வு சொல்கிறது. அதற்கு முந்தைய ஆய்வில் 16.3. குறைகிறது, நல்லதுதான். ஆனால் இந்த எண்ணுக்குள் பெற்றோர் கட்டிவைத்தவை எத்தனை, பிள்ளைகளே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவை எத்தனை என்பது பிரிக்கப்படவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. முன்னதற்குப் பெற்றோரிடம் பேச வேண்டும். பின்னதற்குச் சாதி பார்த்து மிரட்டும் உறவினரிடமிருந்து பிள்ளைகளைக் காக்க வேண்டும். இரண்டையும் 'குழந்தைத் திருமணம் தடுத்து நிறுத்தம்' என்ற ஒரே செய்தித் தலைப்பில் போடுவதால்தான் அதிகாரிகளும் குழம்புகிறார்கள்.

உறவில் மணம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு மணத்துக்கு மேல் சொந்தத்துக்குள் நடக்கிறது. டிராட்மன் போன்ற ஆய்வாளர்கள் இதைத் திராவிட உறவுமுறை என்று பெரும் நூலாகவே எழுதியிருக்கிறார்கள். மார்கரெட் ட்ராவிக் தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றோடு தங்கி, அங்கே அன்பு எப்படி நேரடியாகச் சொல்லப்படாமல் மறைத்தும் சீண்டியும் காட்டப்படுகிறது என்பதை 1990-இல் ஒரு புத்தகமாகத் தந்தார். பிள்ளையைப் புகழ்ந்தால் கண்பட்டுவிடும் என்று திட்டுகிற தாயை நாம் அன்றாடம் பார்க்கிறோம். ஆனால் நம் பிள்ளை வளர்ப்புப் பாடநூல்கள் 'குழந்தையைத் தினமும் பாராட்டுங்கள்' என்று மேலை நாட்டுச் சீட்டை அப்படியே நீட்டுகின்றன. மேரி எயின்ஸ்வொர்த் குழந்தையின் பற்றை அளக்க வகுத்த சோதனையும் அப்படித்தான்: தாய் சில நிமிடம் அறையை விட்டுப் போவாள், திரும்பி வருவாள், குழந்தை என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். அம்மாச்சி, அப்பத்தா, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா என்று நாள் முழுக்க இடுப்பு மாறும் சமவெளிப் பிள்ளை, அம்மா அறையை விட்டுப் போனால் அழாமல் இருப்பது பற்றின்மையா, பழக்கமா? அந்தச் சோதனைக்கு முன்பே உகாண்டாவில் தாய்களையும் சேய்களையும் வீட்டிலேயே வைத்துப் பார்த்தவர் எயின்ஸ்வொர்த். அவரிடமிருந்து நாம் எடுக்க வேண்டியது சோதனை அறையை அல்ல, அந்த உகாண்டா வீட்டு முற்றத்தை.

ஆண்பிள்ளைகளைப் பற்றி எழுதாமல் போனால் நானும் அதே தவறைச் செய்கிறவன் ஆவேன். திட்டங்கள், ஆய்வுகள், அறக்கட்டளைகள் எல்லாம் பெண்பிள்ளையைச் சுற்றியே நிற்கின்றன, காரணம் நியாயமானது. ஆனால் பத்தாவதில் தோற்று, போர்வெல் லாரியில் ஏறி வடக்கே போன தம்பி, பரோட்டாக் கடையில் மாவு பிசையும் தம்பி, பைக் தவணைக்காக ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ராத்திரி மூட்டை ஏற்றும் தம்பி ஆகியோர் பதினெட்டு வயதுவரை யார் கணக்கிலும் வருவதில்லை. பிறகு வருகிறார்கள், காவல் நிலையக் கணக்கிலோ மருத்துவக் கல்லூரியின் தலைக்காயப் பிரிவிலோ. மாணவிகளுக்கான அரசின் 'புதுமைப் பெண்' திட்டம் 2022-இல் வந்தது. மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024-இல் வந்தது. இந்த இரண்டு ஆண்டு இடைவெளியே, ஆண் இளைஞனைப் பற்றி யோசிப்பதில் நாம் எவ்வளவு தாமதம் என்பதைக் காட்டிவிடுகிறது. இரண்டுமே கல்லூரிக்குள் நுழைந்தவர்களுக்கு மாதம் ரூ.1,000, நுழையாதவர்களுக்கு என்ன என்பது இன்னும் திறந்த கேள்வி.

இப்படி ஒரு படிப்பு எப்படி இருக்க வேண்டும்? பாடத்திட்டம் போடுவது என் வேலையல்ல. ஆனால் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பேன். முதலாவது, களம். காந்திகிராமத்தில் மாணவர்கள் ஊரில் போய்த் தங்கும் கிராமத் தங்கல் திட்டம் நெடுங்காலமாக உண்டு. அந்த வழக்கத்தை விரித்து, ஒரு மாணவர் இரண்டு ஆண்டும் ஒரே பத்து வீடுகளோடு தொடர்பில் இருக்கும்படி செய்யலாம். தை அறுவடையில் ஒருமுறை, பள்ளி திறக்கும் ஜூனில் ஒருமுறை, ஆலை விடுமுறை விடும் தீபாவளியில் ஒருமுறை. ஒரு வீட்டை ஒரே நாளில் கேள்வித்தாள் நிரப்பிப் பார்ப்பதும், இப்படி ஆறு பருவங்களில் பார்ப்பதும் ஒன்றல்ல. தீபாவளிக்கு மகள் வீட்டில் இருக்கும் அந்த நான்கு நாளில்தான், யார் யாரிடம் பேசவில்லை என்பது தெரியும். வடமாநிலக் குடும்பங்களைப் படிக்க ஓரளவு இந்தியும் ஒடியாவும் தெரிந்த மாணவர்களும் வேண்டும். அவர்களின் பிள்ளைகள் இப்போது நம் அரசுப் பள்ளிகளிலேயே படிக்கிறார்கள்.

இரண்டாவது, வேலை. பட்டம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வங்கித் தேர்வு எழுதுவதானால் இந்தப் படிப்பே வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டத்தில் 2021-இல் வந்த திருத்தம், குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்களுக்கான கல்வித் தகுதிகளில் 'மனித வளர்ச்சி' என்பதையும் சேர்த்திருக்கிறது. சட்டத்தில் கதவு திறந்திருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, 1098 உதவி மையம், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், பள்ளி ஆலோசகர் பணிகள் ஆகியவற்றின் தேர்வு விதிகளிலும் இதைச் சேர்த்தால், மாணவர் தாமாக வருவார்கள்.

புதிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. காந்திகிராமத்தில் மனையியலும் சமூகவியலும் இருக்கின்றன; பக்கத்திலேயே மக்கள்தொகை ஆய்வு மையம். மலைமேல் கொடைக்கானலில் 1984 முதல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்த மூன்றும் ஒரே மாவட்டத்தில் இருந்தும் ஒரு கூட்டு முதுநிலைப் படிப்பை நடத்த முன்வராததற்கு, துறைகளுக்கு இடையிலான சுவர்களைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. துணைவேந்தர்களும், சமூகநலத் துறைச் செயலரும், மாவட்ட ஆட்சியரும் ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். பேசும்போது ஒரு நூற்பாலைச் சங்கப் பெண்ணையும் ஒரு கிராம சுகாதார செவிலியரையும் கூட வைத்துக்கொண்டால், பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.